அலைபாயும் மனமும் ஆண்டவரின் அமைதியும்

(வானொலி மறையுரை: சூலை 29, புனிதர்கள் மார்த்தா, மரியா, இலாசர் நினைவு)



பெத்தானியாவில் வாழ்ந்த மார்த்தா, மரியா, இலாசர் என்னும் மூன்று உடன்பிறப்புகளைத் திருச்சபை இன்று நினைவுகூருகிறது. முன்பு இந்த நாள் மார்த்தாவுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 2021-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ், மூவரையும் ஒன்றாக நினைவுகூரும்படி செய்தார். இயேசு களைத்து வந்தபோது இளைப்பாறிய வீடு அது.

அந்த வீட்டில் ஒருநாள் நடந்ததை லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மரியா ஆண்டவரின் காலடியில் அமர்ந்திருக்கிறார். மார்த்தாவோ பணிவிடையில் பரபரப்பாகிறார். லூக்கா இங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்கு, சுற்றிலும் பல பக்கம் இழுக்கப்படுவது என்று பொருள். அடுப்பு ஒரு பக்கம் இழுக்கிறது. விருந்தினர் ஒரு பக்கம். தங்கை மேல் வந்த கோபம் இன்னொரு பக்கம். ஆண்டவர் சமையலைக் குறை சொல்லவில்லை. மார்த்தாவின் பெயரை இரண்டு முறை சொல்லி அழைத்து, பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்கும் அவருடைய உள்ளத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறார்.

நம்மில் பலருடைய நிலையும் இதுதானே? செபமாலையைக் கையில் எடுக்கிறோம். இரண்டாவது மறையுண்மை வருவதற்குள் மனம் வீட்டுக்கடன் தவணைக்குப் போய்விடுகிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் மூன்று நாளாய்ப் பேசவில்லையே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நாளைக்கு வரப்போகும் இரத்தப் பரிசோதனை முடிவு கண்முன் நிற்கிறது. பத்து மணிகள் உருண்டு முடிந்திருக்கும். ஒன்றுகூட மனத்தில் நின்றிருக்காது. "சாமி, எனக்குச் செபமே வரவில்லை. என் விசுவாசத்தில் ஏதோ குறை இருக்கிறது" என்று வருந்துகிறவர்கள் உண்டு. இதைத்தான் நம் முன்னோர் பராக்கு என்றார்கள்.

அன்பார்ந்தவர்களே, பராக்கு வருவது பாவமல்ல. விரும்பி அதை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருப்பதுதான் தவறு. இந்தக் கேள்வி புதியதும் அல்ல. ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் யோவான் காசியான் என்ற இளந்துறவி, தன் நண்பர் ஜெர்மானுசோடு எகிப்துப் பாலைவனத்துத் துறவிகளைத் தேடிப்போனார். வேண்டாத நினைவுகள் நாங்கள் விரும்பாமலே உள்ளே நுழைகின்றனவே, என்ன செய்வது என்று ஜெர்மானுஸ் கேட்டார். உலகையே துறந்து பாலைவனத்துக்குப் போனவர்களுக்கும் பராக்கு வந்திருக்கிறது!

மோசே என்ற முதிய துறவி அவர்களுக்கு ஓர் உவமை சொன்னார். ஓடும் தண்ணீர் மாவு ஆலையின் கல்லைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் ஓடும் வரை கல் நிற்காது. ஆனால் அதில் கோதுமையைப் போடுவதா, களை விதையைப் போடுவதா என்பது ஆலைக்காரர் கையில் இருக்கிறது. மனமும் அப்படித்தான். நினைவுகள் வராமல் தடுக்க நம்மால் முடியாது. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது நம்மிடம் இருக்கிறது.

நம் ஆலையில் நாம் எதைப் போடுகிறோம்? கையில் செபமாலை, மடியில் செல்பேசி. படுக்கப்போகும் முன் கடைசியாகக் கண்ணில் பட்டது ஒரு விபத்துக் காணொளி அல்லது உறவினர் அனுப்பிய புறணி. அதைத்தானே இரவெல்லாம் மனம் அரைத்துக்கொண்டிருக்கும்! தூங்கும் முன் நற்செய்தியில் நான்கு வசனம் வாசித்துப் படுங்கள். அதையும் மனம் அரைக்கும்.

ஈசாக்கு என்ற இன்னொரு துறவி காசியானுக்கு மிக எளிய வழி ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். திருப்பாடல் 70-இன் முதல் வசனத்தை எடுத்துக்கொள். உண்ணும்போதும் நடக்கும்போதும் தூங்கப்போகும்போதும் அதைச் சொல் என்றார். ஆண்டவரே, எனக்குத் துணைசெய்ய விரைந்து வாரும் என்று கெஞ்சும் வசனம் அது. இன்றும் உலகெங்கும் குருக்களும் துறவியரும் திருப்புகழ்மாலை செபத்தை அந்த மன்றாட்டோடுதான் தொடங்குகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்த மனவல்லய செபங்களும் இதே வகைதான். பேருந்தில் நிற்கும்போதும் மருத்துவமனை வரிசையில் காத்திருக்கும்போதும் சொல்லலாம். நீண்ட செபத்துக்கு வலுவில்லாதவர்களும் ஒரு வரி சொல்லலாம்.

மனம் ஓடிவிட்டது என்று தெரிந்தவுடன் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். நடைபழகும் குழந்தை விழுந்தால் தாய் அடிப்பதில்லை; தூக்கி நிறுத்துகிறாள். மனத்தையும் அப்படியே மெதுவாக ஆண்டவரிடம் திருப்பிக் கொண்டுவாருங்கள். பத்து முறை ஓடினால், பத்து முறை அவரிடம் திரும்பியிருக்கிறீர்கள். அதுவும் செபமே. செபத்தின் மறைவல்லுநராகப் போற்றப்படும் அவிலா நகர் புனித தெரசாவுக்கும் இந்தப் போராட்டம் இருந்தது. செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்த ஆண்டுகள் தமக்கு உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார்.

இனி, ஓடிப்போன மனம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். அங்கேதான் உங்கள் பாரம் இருக்கிறது. மகனைப் பற்றிய நினைவு வந்தால் அதைத் துரத்த வேண்டாம். மகன் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படையுங்கள். கடன் என்றால் கடன் என்றே சொல்லுங்கள். இதைத்தான் பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதிய மடல் 4-ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறார்: கவலைப்படாதீர்கள், உங்கள் தேவைகளை நன்றியோடு கடவுளிடம் சொல்லுங்கள், அப்போது அறிவுக்கு எட்டாத இறை அமைதி உங்கள் உள்ளத்தைக் காவல் காக்கும் என்கிறார். இதை அவர் சிறையில் விலங்கோடு இருந்து எழுதினார். அதே பவுல், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடல் 11-ஆம் அதிகாரத்தில், எல்லாத் திருச்சபைகளையும் பற்றிய கவலை தம்மை நாள்தோறும் அழுத்துகிறது என்று ஒளிக்காமல் சொல்கிறார். ஆக, கவலை வந்ததே என்று குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். வந்த கவலையை எங்கே கொண்டுபோய் இறக்குகிறோம் என்பதே முக்கியம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு இந்தக் கவலை வாரக்கணக்கில் விடுவதில்லை. தூக்கம் போய்விடுகிறது, சோறு இறங்குவதில்லை, செத்துவிடலாமா என்ற எண்ணம்கூட வருகிறது. அவர்களிடம் "உனக்கு விசுவாசம் போதாது" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். முதல் அரசர் நூல் 19-ஆம் அதிகாரத்தில், மாபெரும் இறைவாக்கினர் எலியா ஒரு சூரைச் செடியின் கீழ் அமர்ந்து சாவைக் கேட்கிறார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்க விட்டார். வானதூதரை அனுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டு, மறுபடியும் உணவு கொடுத்தார். அதன் பிறகுதான் ஓரேபு மலையில் அவரோடு பேசினார். மருத்துவரும் கடவுளின் படைப்பே, அவரை மதியுங்கள் என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரமும் சொல்கிறது. ஆகவே, தயங்காமல் மருத்துவரிடம் போங்கள். வீட்டாரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். உங்கள் அன்பியத்தில் அப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு அறிவுரை சொல்வதற்கு முன் ஒரு வேளை உணவு கொண்டுபோங்கள், அருகில் உட்காருங்கள். அன்றைக்கு அவருடைய வானதூதர் நீங்கள்தான்.

மார்த்தா பிறகு என்ன ஆனார்? யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில், தம்பி இலாசர் இறந்து நான்கு நாள் ஆன துக்கத்தில், இயேசுவே மெசியா, இறைமகன் என்று அறிக்கையிடுகிறார். 12-ஆம் அதிகாரத்தில் மறுபடியும் அதே ஊரில் விருந்து. மார்த்தா அங்கேயும் உணவு பரிமாறுகிறார். மரியா அங்கேயும் ஆண்டவரின் காலடியில்தான் இருக்கிறார். ஆனால் இந்த முறை மார்த்தாவிடமிருந்து ஒரு முறையீடும் இல்லை. வேலை குறையவில்லை, உள்ளம் ஆண்டவரில் ஊன்றிவிட்டது.

செபிப்போம். பெத்தானியா இல்லத்தில் இளைப்பாறிய ஆண்டவரே, பல பக்கம் இழுக்கப்படும் எங்கள் உள்ளங்களுக்கும் வாரும். எங்கள் பிள்ளைகளை, கடன்களை, நோய்களை, நாளைய நாளை உம்மிடம் ஒப்படைக்கிறோம். இன்றிரவு உறக்கமின்றித் தவிப்போர் அனைவருக்கும் உமது அமைதியைத் தாரும். ஆமென்.