எம்.எஸ்சி. நர்சிங்கா, நர்ஸ் பிராக்டிஷனரா? பணியில் இருக்கும் செவிலியர்களுக்குச் சில வார்த்தைகள்

(விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம் திருவக்கரையில் செவிலியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நைட் டியூட்டி முடித்துவிட்டு நேராக வந்திருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உங்கள் செல்போனில் ஒரு விளம்பரம் வந்திருக்கும். வீட்டில் இருந்தபடியே முதுநிலைப் பட்டம் வாங்கலாம், நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாம், நோயாளியை நீங்களே பரிசோதித்து மருந்தும் எழுதலாம் என்று இருக்கும். இந்த மூன்றில் எது நமக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று தெரியாமலேயே பலர் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். முதலில் அதைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணி அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டு தொடங்கியது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். டாக்டர் போதாத இடங்களில் குழந்தைகளை யார் பார்ப்பது என்ற கேள்வியில் பிறந்த படிப்பு அது. இன்று அங்கே நர்ஸ் பிராக்டிஷனர், கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட், மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ், நர்ஸ் மிட்வைஃப் என்று நான்கு வகை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அங்கே நர்சாகப் பதிவு செய்த பிறகு முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ வேண்டும். மயக்க மருந்துப் பிரிவில் 2022 முதல் புதிதாகச் சேருகிறவர்கள் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர முடியும்.

அந்தப் படிப்புகளில் பாடம் ஆன்லைனில் நடக்கலாம். ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் பயிற்சி நேரம் தனியாக உண்டு. அதைச் செய்ய அந்த நாட்டு மாகாணம் ஒன்றில் நர்ஸ் உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கு என்கிளெக்ஸ் தேர்வு எழுத வேண்டும். வானூரில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் முடிக்க வழியில்லை. நம் நாட்டிலோ, தொலைதூரக் கல்வியில் படித்த எம்.எஸ்சி. நர்சிங்கை இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்பதில்லை. ஆக அந்த விளம்பரத்தை நம்பிக் கட்டுகிற பணம் இரண்டு பக்கமும் செல்லாது.

சரி, இங்கே என்னதான் இருக்கிறது?

பி.எஸ்சி. நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு வருடம். மெடிக்கல் சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமூக நலம் என்று ஐந்து பிரிவுகள். குறைந்தது 55 சதவீத மதிப்பெண், மாநில கவுன்சிலில் பதிவு, ஒரு வருடப் பணி அனுபவம் வேண்டும். பி.எஸ்சி. படித்தவருக்கு அந்த ஒரு வருடம் படிப்பை முடித்த பிறகு பார்த்த வேலையாக இருக்கணும். போஸ்ட் பேசிக் படித்தவருக்கு முன்னால் பார்த்த வேலையும் கணக்கில் வரும்.

இதில் ஒரு விஷயத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. எம்.எஸ்சி. முடித்தவர்களில் பலர் போய்ச் சேருகிற இடம் நர்சிங் கல்லூரி. காரணம் எளிது. கல்லூரியில் பாடம் நடத்த எம்.எஸ்சி. கேட்கிறார்கள். வார்டில் எம்.எஸ்சி. படித்தவருக்கு என்று தனி வேலை பல மருத்துவமனைகளில் கிடையாது. ஐ.சி.யு.வில் நோயாளி மூச்சு விடுகிற விதத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று சொல்லக்கூடிய ஒரு நல்ல நர்ஸ், மேல்படிப்பு படித்த காரணத்தாலேயே கரும்பலகைக்கு முன்னால் போய் நிற்கிறார். பாடம் நடத்துவது குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. நானும் அதைத்தான் பல வருடம் செய்தேன். ஆனால் உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

நோயாளியின் பக்கத்திலேயே இருந்து உயரணும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்’ என்ற முதுநிலைப் படிப்பு. இதுவும் இரண்டு வருடம்தான். தகுதியும் ஏறக்குறைய அதேதான், பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் ஒரு வருட அனுபவமும். அந்த அனுபவம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் நல்லது. வித்தியாசம் படிக்கிற முறையில் இருக்கிறது. இது ரெசிடென்சி படிப்பு. ஐந்தில் ஒரு பங்குதான் வகுப்பு, மீதி நான்கு பங்கு ஐ.சி.யு.விலும் திறன் கூடத்திலும். நோய் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது, தலை முதல் கால் வரை நோயாளியை எப்படிப் பரிசோதிப்பது ஆகிய மூன்றையும் டிகிரியில் படித்ததைவிட ஆழமாகப் படிப்பீர்கள்.

இதை முடித்தவர் தனியாகக் கிளினிக் போட்டு மருந்துச் சீட்டு எழுதலாம் என்று அர்த்தம் இல்லை. தீவிர சிகிச்சை மருத்துவரோடு சேர்ந்து, மருத்துவமனை எழுதி வைத்த நெறிமுறைக்கும் நிலையாணைக்கும் உட்பட்டு முடிவெடுக்கிற பணி இது. அதனால் சேருவதற்கு முன்னால் அந்த மருத்துவமனையிலேயே போய்க் கேளுங்க: “படிச்சு முடிச்சவங்க இப்ப எங்க வேலை பாக்குறாங்க? என்ன பதவி? பழைய ஸ்டாஃப் நர்ஸ் சம்பளமேதானா?” பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்க. படிப்பு நல்ல படிப்பு. அதற்கேற்ற பதவி எல்லா இடத்திலும் இன்னும் வரவில்லை.

இந்த ஊரில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. திருவக்கரை என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கல்மரப் பூங்காவும் வக்ரகாளியம்மன் கோயிலும்தான் ஞாபகம் வரும். உங்களுக்கு வேறு ஞாபகங்களும் இருக்கும். குவாரியில் கல் சரிந்து அடிபட்டவர், வயலில் பாம்பு கடித்தவர், பௌர்ணமிக் கூட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பெரியவர். இவர்களை முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ ஜிப்மருக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிற வரை பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு நர்சோ 108 ஊழியரோதான். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021 டிசம்பரில் முதலமைச்சர் தொடங்கி வைத்தது இங்கிருந்து அதிக தூரம் இல்லாத மேல்மருவத்தூரில்தான். அந்த 48 மணி நேரமும் நோயாளியின் தலைமாட்டில் நிற்பது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரசவ வார்டில் இருப்பவர்களுக்கும் ஒரு தகவல். நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி என்று 18 மாதப் பயிற்சி ஒன்று இருக்கிறது. தெலங்கானாவில் 2017-லேயே தொடங்கினார்கள். 2018 டிசம்பரில் மத்திய அரசு இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. சிக்கல் இல்லாத பிரசவத்தைப் பயிற்சி பெற்ற செவிலியரே முன்னின்று பார்க்கலாம், சிக்கல் தெரிந்த உடனே டாக்டரிடம் அனுப்பணும் என்பது இதன் அடிப்படை. இது பட்டம் கிடையாது, பயிற்சிதான். ஆனால் வேலை என்று பார்த்தால் பல பட்டங்களைவிட அட்வான்ஸ்டு பிராக்டிஸுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. அரசுப் பணியில் இருப்பவர்கள் உங்கள் துறையில் விசாரியுங்க.

கிராமத்திலேயே இருந்து வேலை பார்க்க நினைப்பவர்களுக்குச் சமூக நல எம்.எஸ்சி. பொருத்தம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பிறகு சர்க்கரை, ரத்த அழுத்தம், படுக்கையில் இருப்பவருக்கு வலி தணிப்பு எல்லாம் வீட்டு வாசலுக்கே போகிறது. துணை சுகாதார நிலையங்களிலும் இடைநிலை சுகாதாரப் பணியாளராகச் செவிலியர்கள் இருக்கிறார்கள். அதற்கு எம்.எஸ்சி. தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிப்ளமா நர்சிங் படித்தவர்கள் நேராக எம்.எஸ்சி. போக முடியாது. இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடிக்கணும். ஆக மொத்தம் நான்கு வருடம். அவ்வளவு காலம் முடியாது என்றால் ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமா பாருங்கள். தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சை, பச்சிளங்குழந்தை, புற்றுநோய், ஆபரேஷன் தியேட்டர் என்று பல பிரிவுகளில் இருக்கிறது. பட்டம் கிடைக்காது, கைத்திறன் கூடும்.

எங்கே படிப்பது? அரசுக் கல்லூரி இடங்களுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்கிக் கலந்தாய்வு நடத்தும். பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். ஜிப்மர் நமக்குப் பக்கம்தான், ஆனால் பக்கத்து ஊர் என்பதால் இடம் சுலபம் என்று நினைக்காதீங்க. அது மத்திய அரசு நிறுவனம், நாடு முழுவதிலிருந்தும் தேர்வு எழுத வருவார்கள். வேலூர் சி.எம்.சி. 1946-லேயே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிய இடம், அங்கே சேர்க்கை முறை தனி. மனநலப் பிரிவு என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸையும் பாருங்கள். எந்தக் கல்லூரியானாலும், அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளப் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பி.எஸ்சி.க்கு அனுமதி இருக்கிற கல்லூரிக்கு எம்.எஸ்சி.க்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது பணம். கட்டணத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் கணக்குத் தப்பும். மாதம் 18,000 ரூபாய் வாங்குகிற ஒருவர் வேலையை விட்டுப் படித்தால், இரண்டு வருடத்தில் வீட்டுக்கு வராமல் போகிற சம்பளம் மட்டும் 4,32,000 ரூபாய். அரசு இடம் கிடைத்தாலும் இந்தச் செலவு உண்டு. கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்காமல் கொடுக்க வழி இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களில் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுநிலைப் படிப்புக்கும் உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீங்க, இப்பவே வாங்கி டிஜிலாக்கரில் வைத்துவிடுங்கள்.

அனுபவச் சான்றுதான் பலரைக் கவிழ்க்கிற இடம். தனியார் மருத்துவமனையில் கையில் சம்பளம் வாங்கிக்கொண்டு, நியமன ஆணை இல்லாமல் வேலை பார்க்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். இரண்டு வருடம் உழைத்தும் ஒரு வருடத்தைக் காட்ட முடியாமல் நிற்பீர்கள். இந்த மாதமே நியமன ஆணை கேளுங்க, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்க. கவுன்சிலில் பதிவு செய்த தேதிக்கு முன்னால் பார்த்த வேலையைக் கணக்கில் சேர்க்காதீங்க. ஒரிஜினல் சான்றிதழ்களை வேலைக்குப் பிணையாக யாரிடமும் கொடுக்காதீங்க. அரசுப் பணியில் இருப்பவர்கள் துறை அனுமதி வாங்கிய பிறகே விண்ணப்பிக்கணும்.

படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் அந்தப் பட்டத்தைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யுங்கள். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த கவுன்சில் இது. பட்டம் பீரோவில் இருக்கும், பதிவேட்டில் பெயருக்கு நேரே பழைய படிப்பே இருக்கும். பின்னால் வெளிநாட்டுக்கோ வேறு மாநிலத்துக்கோ போகும்போது அங்கே கேட்பது பதிவேட்டைத்தான். வெளிநாடு போகிறவர்கள் ஏஜெண்டிடம் போவதற்கு முன்னால், அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துவிடுங்கள்.

பேச்சு முடிந்த பிறகு இரண்டு கேள்விகள் வந்தன. அவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பி.எஸ்சி. முடித்து ஒரு வருடம் ஆன தங்கை ஒருத்தி, “இப்பவே சேர்ந்துடட்டுமா மேடம்?” என்று கேட்டார். தகுதி இருக்கிறது, சேரலாம். ஆனால் முடிந்தால் மூன்று வருடம் வார்டில் நில்லும்மா என்றேன். எந்தப் பிரிவு உனக்குப் பிடிக்கும் என்று வார்டில்தான் தெரியும். தப்பான பிரிவில் சேர்ந்துவிட்டால் மாற்றுவது சுலபம் இல்லை.

இன்னொருவர் டிப்ளமா படித்தவர், பதினான்கு வருட சர்வீஸ், இரண்டு பிள்ளைகள். “எனக்கு இனிமே எதுக்குங்க எம்.எஸ்சி.?” என்றார். அவருக்கு நான் எம்.எஸ்சி. சொல்லவில்லை. அவர் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கிறார். அந்தப் பிரிவிலேயே ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமா இருக்கிறது என்று சொன்னேன். மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று கேட்டு, தன் போனில் குறித்துக்கொண்டார்.