மூக்கு வழி மருந்தும் நோன்பாளியும்



கண்டி, அக்குறணை, மடவளைப் பகுதிகளின் குளிர்ந்த காலைப் பொழுதுகளில் பீனிசத்தால் அவதியுறுவோர் நம் வீடுகளில் பலர் உளர். ரமழான் வந்துவிட்டால் அவர்கள் கேட்கும் வினா ஒன்றே: மூக்கில் விசிறும் மருந்து நோன்பை முறிக்குமா?

லகீத் இப்னு ஸபிரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் இதற்கான அடிப்படை உண்டு. வுழூவின்போது மூக்கினுள் நீரை நன்கு செலுத்தப் பணித்த நபி (ஸல்) அவர்கள், நோன்பாளிக்கு மட்டும் அதில் விதிவிலக்களித்தார்கள். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, மூக்கின் மேலெல்லையைத் தாண்டி உட்செல்லும் பொருள் நோன்பை முறிக்கும். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியோ, தொண்டைக்கு வந்ததை விழுங்காதவரை மூக்குச் சொட்டு மருந்தும் விசிறு மருந்தும் நோன்பை முறிக்கா எனத் தீர்மானித்தது. எதனைக் கொள்வது என உங்கள் ஊர் உலமாக்களிடம் கேளுங்கள். அதற்கு முன் மருத்துவரிடமும் ஒன்று கேளுங்கள்: ஸஹருக்கு முன்னும் இப்தாருக்குப் பின்னும் இட்டால் போதுமா? பீனிசத்திற்கான ஸ்டீரொயிட் விசிறிகள் பெரும்பாலும் நாளொன்றுக்கு ஓரிரு முறைகளே இடப்படுவதால், பலருக்கு இச்சிக்கலே எழாது.

வலிப்பு கண்ட பிள்ளையின் மூக்கில் மருத்துவர் விதித்தபடி இடும் மிடசோலம் அவ்வாறன்று. அது கணமும் தாமதிக்கத் தக்கதன்று. மூக்கின் மென்சவ்வில் குருதிக் குழாய்கள் செறிந்திருப்பதால், இரைப்பையையும் ஈரலையும் சுற்றாது மருந்து விரைந்து இரத்தத்தில் கலக்கிறது.

மூக்கு வழித் தடுப்பு மருந்தின் நோக்கம் வேறு. கிருமி நுழையும் வாசலிலேயே காவல் வைப்பது. அமெரிக்காவில் புளூமிஸ்ட் 2003இல் அனுமதி பெற்றது. இந்தியாவில் பாரத் பயோடெக்கின் இன்கோவாக், கொவிட் நோய்க்கெதிராக 2023 ஜனவரி 26இல் வெளியிடப்பட்டது. பிரித்தானியாவில் 2013 முதல் சிறார்க்கு இடப்பட்ட இன்புளுவென்சா மருந்தில் பன்றி ஜெலட்டின் இருந்தமையால் முஸ்லிம் பெற்றோர் தயங்கினர். தன்மை முற்றாக மாறிய ஜெலட்டின் தூய்மையானதென 1995இல் குவைத்தில் கூடிய அறிஞர் பலர் கருதினர். எல்லா உலமாக்களும் அதை ஏற்கவில்லை. பின்னர் ஜெலட்டின் அற்ற ஊசியும் அங்கே வழங்கப்பட்டது. பெற்றோரின் தயக்கத்திற்கு மாற்று வழி கிடைத்தது. பிள்ளையும் பாதுகாப்பின்றி விடப்படவில்லை.

இலங்கையின் வழமையான தடுப்பூசி அட்டவணையில் மூக்கு வழி மருந்து இல்லை. ஊசிக்கு அஞ்சி, அது வரட்டும் எனப் பிள்ளையின் தடுப்பூசியைப் பிற்போடுவது ஆபத்தானது.

விசிறும் முறையையும் பலர் அறியார். தலையைப் பின்னால் சாய்க்காது சற்று முன்னே குனிந்து, நுனியை நடுச்சுவரிலிருந்து விலக்கி, மெதுவாக மூச்சிழுக்க வேண்டும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். மூக்கடைப்பு நீக்கவென மருந்தகத்தில் நாமே வாங்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்திற்கு மேல் தொடர்ந்தாலோ, அடைப்பு முன்னிலும் மோசமாகும்.