கனத்த உடையும் தாங்கும் பட்டையும்



காளங்கி ஆற்றங்கரையில் வாழும் நாம் ஆண்டுக்கொருமுறை இப்பந்தலில் கூடுகின்றோம். இலக்கியம் பேச வல்லார் பலர் இங்குளர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் கணக்கெழுதும் நமக்கு அத்தகுதி இல்லை. ஆகவே, கூத்துடை ஒன்றைப் பற்றிச் சில சொல்லி அமைகின்றோம்.

சென்ற ஆண்டு நம் பிள்ளைகள் கர்ண மோட்சம் ஆடியது நினைவிருக்கும். கர்ணனாக வந்த சிறுவனுக்கு வயது 14. அவன் உடுத்தது, நம் காலனிப் பெரியவர் ஒருவர் இளமையில் தம் ஊர்க் கூத்தில் உடுத்திய பாவாடை. தெருக்கூத்தின் கட்டை வேடத்திற்குக் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கனமற்ற மரத்தில் செய்வர். பாவாடையோ கொசுவம் கொசுவமாக விரிவது; நிறுத்துப் பார்த்தோம், 4 கிலோ இருந்தது.

அதனை ஒரு கயிற்றால் கட்டினோம், நழுவிற்று. இறுக்கினோம், மீண்டும் நழுவிற்று. மேலும் இறுக்கினோம். இரண்டாம் பாட்டிலேயே பிள்ளைக்கு மூச்சு முட்டியது. கூத்தில் பின்பாட்டு உண்டெனினும் நடிகனும் வாய்விட்டுப் பாடவேண்டும். வயிற்றை இறுக்கினால் குரல் எழுமோ? வேடம் கலைத்தபோது இடுப்பைச் சுற்றிச் சிவந்த தடம் கண்டோம். "அடுத்த ஆண்டு என் பிள்ளை வேண்டாம் அண்ணா" என்றார் அவன் தாயார். கட்டியவர் நாம், பழியும் நம்முடையதே.

பாதிப் பாவாடையை வெட்டிவிடலாம் என்றனர் சிலர். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. உடையை மடித்து எடுத்துக்கொண்டு வீடு சென்றார்.

பிறர் கனத்த உடையை எவ்வாறு உடுத்துகின்றனர் என்று தேடினோம். ஸ்காட்லாந்து மக்களின் கில்ட் என்னும் உடைக்குச் சுமார் 8 கெஜம் கம்பளித் துணி செல்லும். கனம் ஏறக்குறைய 2 கிலோ. பின்புறம் கொசுவம், முன்புறம் இரு மடிகள் ஒன்றன்மேல் ஒன்று. அதனை அடிவயிற்றில் இறக்கிக் கட்டாது, இடுப்பெலும்புக்கு மேல் உடுத்துவர். உள்ளே விறைப்பான துணி வைத்துத் தைத்திருப்பதால் கொசுவத்தின் கனம் மேல்துணியை இழுப்பதில்லை. உடல் மெலிந்தாலும் பருத்தாலும் வாரையும் பக்கிளையும் இடம் மாற்றித் தைத்துக்கொள்வர். துணியில் கத்தரி படுவதில்லை.

இதில் வியப்பென்ன? நம் நிலையத்துச் சுமைகூலித் தோழர் அன்றாடம் செய்வதே இது. சும்மாடு இன்றி அவர் பெட்டியைத் தலையிலேற்றுவதில்லை. சும்மாடு சுமையைக் குறைப்பதன்று, பரப்புவது.

பெரியவரிடம் சென்று, "வெட்டமாட்டோம் ஐயா" என்று உறுதி கூறி உடையைப் பெற்றோம். ஒரு விரல் அகலக் கயிற்றை நீக்கி, நான்கு விரல் அகலக் கித்தான் பட்டை தைத்தோம். அதே கனம் நான்கு மடங்கு இடத்தில் பரவிற்று. கொசுவங்களை உட்புறம் ஒரு நாடாவோடு சேர்த்து ஓட்டுத்தையல் இட்டோம். மிகுந்த துணியை முன்மடிப்புக்குள் மறைத்தோம். இடுப்பெலும்பின் மேல் அணையாகப் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தோம். முதுகில் குறுக்காக இரு தோள்வார்கள் கட்டினோம். முன்புறம் அவை பதக்கத்தின் அடியில் மறைந்தன. பிள்ளையை உரக்கப் பாடச் சொல்லி, மூச்சு நிறைந்த நிலையில் பட்டைக்குள் இரு விரல் நுழையுமாறு அளவு வைத்தோம். பட்டையைத் தைத்தவர் வேறெவருமல்லர், வேண்டாமென்ற அத்தாயாரே.

இன்று மாலை அதே பிள்ளை கர்ணனாக வருகின்றான். 4 கிலோவில் ஒரு பிடியும் குறையவில்லை. பெரியவர் தம் கையாலேயே உடுத்திவிட இசைந்துள்ளார்.

பெரியோர்களே, பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயின்று திரும்பும் நம் பிள்ளைகளுக்குத் தமிழும் கனக்கவே செய்யும். கயிற்றால் இறுக்கினால் அவர்கள் மூச்சுத் திணறுவர். பாதியை வெட்டினால் பெரியவர்கள் பேசாமல் எழுந்து போவர். அகலமான பட்டை தைத்துத் தருவது நம் கடன். வளரும் பிள்ளைக்கேற்பப் பக்கிளை மாற்றித் தைப்பதும் நம் கடனே.