தோளில் அழுந்தும் பட்டை

ருமேனியாவின் டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப், 2009-ல், 17 வயதில், மார்பக அளவைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மார்பின் கனத்தால் முதுகு வலி; பந்துக்குப் பாய்வதும் சிரமம். பிறகு 2018-ல் பிரெஞ்சு ஓபன், 2019-ல் விம்பிள்டன் பட்டங்களை வென்றார்.

"இந்த அறுவை சிகிச்சை அழகுக்காகத்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. தோளில் உள்ளாடைப் பட்டை அழுந்திய தடமும், கழுத்து வலியும், மார்புக்கு அடியில் வேர்வைப் புண்ணுமாக நாளைக் கடத்துகிறவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

இந்தச் சிகிச்சையை முழு மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள். பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரம் ஆகும். கொழுப்பு, சுரப்பித் திசு, மிகுதியான தோல் ஆகியவற்றை நீக்கி, முலைக்காம்பை மேலே நகர்த்தித் தைப்பார்கள். புகைபிடித்தால் காயம் ஆறுவது தாமதமாகும். முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள்.

வீக்கமும் கன்றலும் வடிய வாரக்கணக்காகும். அதுவரை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடைதான். தண்ணீர்க்குடம், கைக்குழந்தை எதையும் டாக்டர் சொல்லும்வரை தூக்கக்கூடாது. வீட்டிலுள்ளவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்! தழும்பு மங்கும், முற்றிலும் மறையாது. முலைக்காம்பில் உணர்ச்சி குறையலாம். தாய்ப்பால் கொடுப்பதும் சிலருக்குக் கடினமாகலாம்; இனிமேல் பிள்ளை பெற நினைப்பவர்கள் முதல் சந்திப்பிலேயே அதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.