ஊரின் பாவங்களை எழுதிவைத்தவன்: ‘மிஸ்டர்மேன்’ நாடகம் பற்றி

ரொறன்ரோவில் இப்போது காலைத் தேநீர் நேரம், சிட்னியில் நள்ளிரவு. நித்திரையை விட்டுவிட்டு வந்திருப்பவர்களுக்கு முதல் நன்றி. நான் பேசப்போவது அயர்லாந்து நாடகாசிரியர் எண்டா வோல்ஷ் எழுதிய ‘மிஸ்டர்மேன்’ என்ற ஓராள் நாடகம் பற்றி. கதையின் முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. அதனால் முடிவையும் சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னிஷ்ஃப்ரீ என்று ஒரு சிற்றூர். இந்தப் பெயரைக் கேட்டதும் ஐரிஷ்காரர்களுக்கு யேட்ஸின் கவிதை நினைவுக்கு வரும். சினிமா பார்ப்பவர்களுக்கு 1952இல் ஜோன் ஃபோர்ட் எடுத்த ‘த குவைட் மேன்’ நினைவுக்கு வரும். பச்சைப்பசேலென்ற கனவுக் கிராமம். அந்தக் கிராமத்தில்தான் வோல்ஷ் தோமஸ் மகில் என்பவனைக் குடியேற்றுகிறார். அவன் பாதிரியார் அல்ல. எந்தச் சபையும் அவனை நியமிக்கவில்லை. ஊரைத் திருத்தக் கடவுள் தன்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார் என்று அவனே முடிவுகட்டிக்கொண்டவன். அம்மாவுக்கு பிஸ்கற் வாங்கப் போகிற வழியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் குற்றம் கண்டு, குறிப்பெடுத்துக்கொண்டே போவான். சிரிப்பாக இருக்கும். முதல் அரைமணி நேரம் அரங்கு சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் நாம் பார்ப்பது அந்த ஊரை அல்ல. பாழடைந்த பெரிய கிடங்கு ஒன்றில் தோமஸ் தனியாக இருக்கிறான். சுற்றிவரப் பழைய ஒலிப்பதிவுக் கருவிகள். ஊராரின் குரல்கள் சில நாடாவிலிருந்து வரும், சிலவற்றை அவனே பேசி நடிப்பான். நடந்து முடிந்த ஒரே ஒரு நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஏன் அந்த நாள் என்பது கடைசியில்தான் தெரியவரும். எடெல் என்ற இளம்பெண்ணை அவன் தேவதை என்று நம்பினான். தேவதை மனுஷியாகிவிட்டபோது அவனால் தாங்க முடியவில்லை. அவளைக் கொன்றுவிட்டான்.

1999இல் கோர்க் நகரின் கோர்கடோர்கா நாடகக்குழு இதை முதலில் மேடையேற்றியபோது தோமஸாக நடித்தவர் வோல்ஷேதான். பிறகு நிறைய மாற்றி எழுதி, 2011இல் கோல்வே கலை விழாவில் கிலியன் மேர்பியை வைத்து மேடையேற்றினார். இருவரும் 1996இல் ‘டிஸ்கோ பிக்ஸ்’ நாடகத்தில் தொடங்கிய பழக்கம். புரூக்லினுக்குப் போய், 2012இல் லண்டன் தேசிய அரங்கின் லிட்டல்டன் மேடைக்கு வந்தபோதுதான் நான் பார்த்தேன். அகன்ற மேடை, அதில் ஒரே ஒரு மனிதர். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடுகிறார், விழுகிறார், ஒரே வசனத்துக்குள் இரண்டு பேராகிறார். நம் பள்ளிக்கூடத் தனிநடிப்புப் போட்டிகளில் பிள்ளைகள் தோளை இப்படித் திருப்பினால் மாமியார், அப்படித் திருப்பினால் மருமகள் என்று செய்வார்களே, அடிப்படை அதேதான். ஆனால் இங்கே குரல் மாறுவது திறமை காட்ட அல்ல. அவனுக்குள் ஊர் முழுதும் அடைபட்டுக் கிடக்கிறது.

காலத்தையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1992இல் ஏமன் கேசி என்ற ஆயருக்கு ஒரு மகன் இருக்கிறான் என்ற செய்தி வெளிவந்து அவர் பதவி விலகினார். 1995இல் விவாகரத்துக்கு அனுமதி கேட்ட பொதுவாக்கெடுப்பு 9,000 சொச்சம் வாக்குகளில்தான் வென்றது. 1996இல் கடைசி மக்டலீன் சலவைச்சாலை மூடப்பட்டது. அயர்லாந்தில் திருச்சபையின் பிடி விரல் விரலாகக் கழன்றுகொண்டிருந்த காலம் அது. பீடத்திலிருந்து அதிகாரம் கீழே விழும்போது அது மண்ணில் மறைந்துவிடுவதில்லை. தெருவில் போகிற ஒருவன் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். தோமஸை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். ஆகவே இதை மதத்துக்கு எதிரான நாடகம் என்று சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவனுடைய பக்தி பொய்யல்ல. அம்மா மீதான பாசமும் பொய்யல்ல. பயமே அதுதான். (எவர் மகள் எந்த உடுப்பில் எவரோடு நின்றாள் என்று குறித்துவைக்க நமக்கும் ஆட்கள் உண்டு. நோட்டுப்புத்தகம் தேவையில்லை, வட்ஸ்அப் போதும்.)

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு தோழி இந்த நாடகத்தை முற்றாக நிராகரித்தார். ஒரு பெண்ணைக் கொன்றவனுக்கு ஒன்றரை மணி நேரம், அவளுக்கு ஒரு நாடாத் துண்டா என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இது: அந்தச் சமனின்மையைத்தான் நாடகம் நமக்குக் காட்டுகிறது. எந்தக் குரலை எப்போது ஓட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவன் கையில். அப்படியிருந்தும் கருவிகள் அவன் சொல் கேட்பதில்லை. வேண்டாத இடத்தில் ஒலிக்கின்றன, நாய் குரைக்கிறது, அவன் குலைந்துபோகிறான். தான் தயாரித்த சாட்சியமே தனக்கு எதிராகத் திரும்புவதை அவனால் தடுக்க முடியவில்லை. தோழி இதை ஏற்கவில்லை. “அவன் குலைவதைப் பார்க்கத்தான் நான் காசு கொடுத்தேனா?” என்றார். அதற்கு என்னிடம் இன்றுவரை முழுப் பதில் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லலாம். பின்னாளில் கிளேர் கீகனின் ‘ஸ்மோல் திங்ஸ் லைக் தீஸ்’ குறுநாவலுக்கு வோல்ஷ் திரைக்கதை எழுதினார், மேர்பி நடித்தார். 2024இல் படம் வெளிவந்தது. அதுவும் அயர்லாந்துச் சிற்றூர்தான். ஆனால் அதன் நாயகன் அதிகம் பேசாத நிலக்கரி வியாபாரி. கன்னியர் மடத்தில் அடைபட்ட ஒரு பெண்ணைக் கண்டு கலங்கி, கடைசியில் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே நடக்கிறான். பேசித் தீர்க்கிற தோமஸையும் பேசாத இந்த மனிதனையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

தமிழில் இதை மேடையேற்ற யாராவது முன்வந்தால், தோமஸுக்கு நடிகர் தேடுவதைவிட எடெலின் குரலுக்கு ஆள் தேடுவதில் கூடுதல் நேரம் செலவழிக்கச் சொல்வேன். அந்தக் குரல் சில நிமிடங்கள்தான். சரி, என் நேரம் முடிந்துவிட்டது, கேள்விகளுக்குப் போவோம்.