பூனையை வெளியே விடலாமா?



‘பூனையைப் பத்தி ஒரு பேச்சா?’ன்னு சிலர் சிரிக்கிறது தெரியுது. எங்க களமருதூர்ல நெல் மூட்டை இருக்கிற வீட்டுல பூனையும் இருக்கும். எலி பிடிக்கத்தானே வளர்க்கிறோம், கட்டியா போட முடியும்?

ஆனால் பூனை எலியோடு நிறுத்திக்கொள்வதில்லை. அணில், ஓணான், தவிட்டுக்குருவி எல்லாம் அதற்கு ஒன்றுதான். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாக 2013-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பங்கு, வளர்ப்பார் இல்லாமல் திரியும் பூனைகளுடையது. ஜெர்மனியின் வால்டார்ஃப் நகரில் 2022-இல், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிக்காக, குஞ்சு பொரிக்கும் மாதங்களில் ஒரு பகுதிப் பூனைகளை வீட்டுக்குள் வைக்க ஆணையே போட்டார்கள்.

பூனைக்கும் வெளியே ஆபத்துதான். மருந்து தின்ற எலியைத் தின்று சாகும். வெறிநாய் கடித்தால் அதற்கும் வெறிநோய் வரும்; பிறகு அது கடிப்பது நம்ம பிள்ளையைத்தான்.

என் முடிவு இது. நகரத்து மாடி வீடுகளில் உள்ளேயே வளருங்கள். நம்ம ஓட்டு வீட்டுல அது நடக்காது. இங்கே பொழுது சாய்ந்ததும் நெல் மூட்டையோடு பூனையையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். எலி வர்றதும் ராத்திரிதானே! நன்றாக விடிந்தபின் சோறு வைத்து வெளியே விடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி, கருத்தடை இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் தவறாமல் செய்யுங்கள். வேண்டாத குட்டிகளைக் கல்வராயன் மலையடிவாரத்தில் கொண்டுபோய் விடாதீர்கள்.

வளர்க்கிறவனுக்குத்தான் பொறுப்பு, பூனைக்கு இல்லை.