சிந்துபாத் எப்போது வீடு திரும்புவான்?



படக்கதைத் தொடர் பற்றி இந்த வாசகர் வட்டத்தில் பேசச் சொல்லி அழைத்தார்கள். தொடரைத் தொடங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் முடிப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். வருஷக்கணக்காக ஒரே தொடரை வரைகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிற கேள்வி அதுதான்.

முடியாத எதற்கும் தமிழ்நாட்டில் நாம் வைத்திருக்கும் பெயர் கன்னித்தீவு. நிலத் தகராறு கோர்ட்டில் இழுத்தால் கன்னித்தீவு. ரோட்டு வேலை இழுத்தால் கன்னித்தீவு. மைக்கைப் பிடித்தவர் விடாவிட்டாலும் கன்னித்தீவு. அவைத்தலைவர் சிரிக்கிறார், எனக்குப் புரிகிறது ஐயா.

1960இல் தினத்தந்தியில் தொடங்கிய படக்கதை அது. தாத்தா படித்தார், அப்பா படித்தார், பேரன் போனில் படிக்கிறான். எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. கதையோ ஒரு வரிக் கதை. மந்திரவாதி மூசா லைலாவைச் சின்னஞ்சிறு உருவமாகச் சுருக்கிவிட்டான். அவளைப் பழையபடி ஆக்க சிந்துபாத் தீவு தீவாக அலைகிறான். அவ்வளவுதான்.

இந்த சிந்துபாத் ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து வந்தவன். அந்த அரபுக் கதையில் அவனுக்கு ஏழே பயணங்கள். ஏழாவது முடிந்ததும் பாக்தாத் திரும்பி, இனிக் கடல் பக்கமே போவதில்லை என்று வீட்டோடு இருந்துவிடுகிறான். விடிந்தால் தலை போகும் என்று பயந்து கதையை இழுத்துக்கொண்டே போனாளே ஷெஹர்ஜாத், அவளுக்கும் ஆயிரத்தொன்றோடு கணக்கு முடிந்தது. தமிழ்நாட்டுக்கு வந்த சிந்துபாத்துக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

கேலி செய்வதாக நினைக்காதீர்கள். கன்னித்தீவு முடிய வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி. டீக்கடையில் பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். உங்கள் கைக்கு வந்த தாளில் சிந்துபாத் இருந்தால் படிப்பீர்கள், இல்லாவிட்டால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நேற்று என்ன நடந்தது என்று தெரியாவிட்டாலும் இன்றைய கட்டங்கள் புரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் வாசிப்பு. வரைந்த கைகள் மாறியிருக்கின்றன. அச்சு மாறியிருக்கிறது, வண்ணம் வந்திருக்கிறது. வாசகனுக்கு அது கதை என்பதைவிடத் தினசரித் துணை. ராசிபலனுக்கு யாராவது கிளைமாக்ஸ் கேட்பார்களா?

ஆகவே, தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் வரைவது துணையா, கதையா? முதலில் இதைத் தீர்மானியுங்கள். அமெரிக்காவில் ராண்டல் மன்றோ என்பவர் 2005 முதல் எக்ஸ்கேசிடி என்று ஒரு இணையச் சித்திரம் போடுகிறார். தீக்குச்சி மனிதர்கள், வாரத்துக்கு மூன்று சிரிப்பு. அதற்கு முடிவு தேவையே இல்லை. கதை அப்படியல்ல. முதல் எபிசோடில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டீர்கள் என்றால், அன்றைக்கே வாசகனிடம் கடன் வாங்கிவிட்டீர்கள்.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? துணையாகத் தொடங்கி, தனக்கே தெரியாமல் கதையாக மாறுகிற இடத்தில். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி ஜோக் வரையத் தொடங்கியவர், எழுபதாவது எபிசோடில் அந்த ஹாஸ்டலுக்கு ஒரு வார்டனை, வார்டனுக்கு ஒரு பழைய காதலை, அந்தக் காதலுக்குள் ஒரு கொலையை வைத்துவிடுவார். பிறகு கொலைகாரன் யார் என்று அவருக்கே தெரியாது. வாரம் ஒரு தடவை லைக் விழுகிறது, சரி, போகட்டும் என்று இழுப்பார். அலுத்துப்போய் ஒரு நாள் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்.

சத்தமில்லாமல் நின்றது என்றால் எனக்கு அம்புலிமாமாதான் ஞாபகம் வருகிறது. இங்கே தலை நரைத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1947இல் தொடங்கிய பத்திரிகை. விக்கிரமாதித்தன் வாளும் கையுமாகச் சுடுகாட்டில் நடப்பான், தோளில் பிணம், பிணத்துக்குள் வேதாளம். அந்தப் படத்துக்குப் பேர்போனவர் ஓவியர் சங்கர். 1952இல் அங்கே சேர்ந்தார். பத்திரிகை நிற்கும் காலம் வரைக்கும் அவர் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. 2020இல் காலமானார். பழைய வேதாளக் கதைகள் இருபத்தைந்துதான். கடைசிக் கதையில் ராஜாவுக்குப் பதில் தெரியாமல் வாய் மூடுகிறது. வேதாளம் இறங்கி வந்து, உன்னை இந்த வேலைக்கு அனுப்பினானே ஒரு சாமியார், அவன் உன்னைப் பலி கொடுக்கப் போகிறான் என்று எச்சரிக்கிறது. ராஜா தப்பிக்கிறான். ஆனால் அம்புலிமாமாவில் இருபத்தைந்து தீர்ந்த பிறகும் புதிது புதிதாக எழுதிச் சேர்த்தார்கள், வேதாளம் மறுபடி மறுபடி முருங்கை மரம் ஏறியது. 2010களின் தொடக்கத்தில் கம்பெனி நொடித்துப் பத்திரிகை நின்றது. வாசகனுக்கு விடைபெறுகிற கதை என்று ஒன்று வரவே இல்லை. அறுபத்தைந்து வருஷம் கூட நடந்தவனுக்கு ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் கொடுத்திருக்கலாம். எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சிலருக்கு அடுத்தவர்கள் நிறுத்திவிடுவார்கள். நம் திருவரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்று தொடர் தொடங்கினார். எதிர்ப்புக் கிளம்பித் தொடர் நின்றது. அவர் விடவில்லை. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு பெயரில் எழுதி முடித்தார்.

சரி, போனில் வரைகிற காலத்துக்கு வருவோம். பத்திரிகைத் தொடருக்குப் பத்திரிகை சம்பளம் கொடுத்தது. இணையத் தொடருக்கு வாசகன் நேரடியாகக் கொடுக்க வேண்டும், அல்லது விளம்பரம் கொடுக்க வேண்டும், அல்லது புத்தகமாகப் போட்டு விற்க வேண்டும். மூன்றும் கைகூட வருஷங்கள் ஆகும். அதுவரை வேறு சம்பாத்தியத்தில்தான் வரைய முடியும். ஹோவர்ட் டெய்லர் என்பவர் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருந்துகொண்டே 'ஷ்லாக் மெர்சனரி' என்ற இணையத் தொடரை 2000 ஜூனில் தொடங்கினார். வரும்படி ஓரளவு நின்ற பிறகுதான் வேலையை விட்டார். 2020 ஜூலையில் முடித்தார். இருபது வருஷம், ஒரு நாள் தவறவில்லை. எப்படி என்றால், கையிருப்பு. வெளியாகிற நாளுக்குப் பல நாள் முன்னாலேயே வரைந்து வைத்துக்கொள்வது. காய்ச்சல் வந்தால், வீட்டில் விசேஷம் வந்தால் கையிருப்பு காப்பாற்றும். பத்து எபிசோடு கையில் இல்லாமல் முதல் எபிசோடை வெளியிடாதீர்கள் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

உடம்பு என்று ஒன்று இருக்கிறது. கொரியாவின் வெப்டூன்களில் வாரா வாரம் நாற்பது ஐம்பது கட்டங்களுக்கு மேல் முழு வண்ணத்தில் கேட்கிறார்கள். 'சோலோ லெவலிங்' படித்தவர்கள் கை தூக்குங்கள். அடேயப்பா, இத்தனை பேரா! அதன் ஓவியர் ஜாங் சுங்-ராக் 2021 டிசம்பரில் கதையின் முக்கியப் பகுதியை முடித்தார். அடுத்த ஜூலையில் முப்பதுகளிலேயே மூளை ரத்தக்கசிவில் இறந்துபோனார். காரணம் இதுதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தச் சாவுக்குப் பிறகுதான் அங்கே, ஓவியர்களை இப்படி வேலை வாங்கலாமா என்ற பேச்சு பெரிதாக எழுந்தது. வாசகன் 'அடுத்தது எப்போது?' என்று கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு மணிக்கட்டு வலிக்கிறது.

தானே நிறுத்தத் தெரிந்தவர்களும் உண்டு. 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' வரைந்த பில் வாட்டர்சன் 1985 நவம்பரில் தொடங்கி 1995 டிசம்பர் 31 அன்று முடித்தார். பத்து வருஷம்தான். உச்சத்தில் இருந்தபோதே கையைக் கழுவினார். பொம்மை, பனியன் என்று விற்க ஒப்புக்கொண்டிருந்தால் கோடிகள் கொட்டியிருக்கும். அவர் ஒப்பவில்லை. சார்லஸ் ஷுல்ஸ் வேறு மாதிரி. 'பீனட்ஸ்' தொடரை 1950லிருந்து கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் தானே வரைந்தார். தனக்குப் பிறகு வேறு யாரும் புதிதாக வரையக் கூடாது என்று ஏற்பாடு. 2000 பிப்ரவரி 13ஆம் தேதி கடைசிச் சித்திரம் வெளியானது. அதற்கு முந்தின ராத்திரி அவர் போய்விட்டார். இந்த இரண்டு பேரில் எனக்கு வாட்டர்சனைத்தான் பிடிக்கிறது. ஷுல்ஸ் பெரியவர், மறுக்கவில்லை. ஆனால் நோய் வந்து பேனாவைக் கீழே வைக்கச் சொன்னபோதுதான் வைத்தார்.

நமக்குப் பக்கத்தில் இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 அக்டோபரில் தொடங்கினார். வாரா வாரம் மணியத்தின் ஓவியத்தோடு, மூன்றரை வருஷம், ஐந்து பாகம். 1954 மே மாதம் முடித்தார். வாசகர்களுக்குக் கோபம். பொசுக்கென்று நிறுத்திவிட்டீர்களே, அவருக்கு என்ன ஆயிற்று, இவருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டு எழுதினார்கள். கல்கி என்ன செய்தார்? மறுபடி ஒரு பாகத்தைத் தொடங்கவில்லை. முடிவுரை என்று ஒன்று எழுதி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, கதையைச் சாத்திவிட்டார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை அப்போதும் அவிழ்க்கவில்லை. இன்றைக்கும் தஞ்சாவூர் பஸ்ஸில் அதற்குச் சண்டை நடக்கிறது. கதை ஓடட்டும் என்று நினைத்தவர்கள் தாங்களே ஓட்டினார்கள். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று அடுத்த கதையை எழுதினார்.

அந்த மே மாதத்துக்குப் பிறகு கல்கிக்கு இருந்தது ஏழு மாதம். 1954 டிசம்பர் 5 அன்று காலமானார். வாசகர் சொல் கேட்டு ஆறாம் பாகம் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யோசிக்கவே வேண்டாம், சாட்சி இருக்கிறது. அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா' பாதியில் நின்றது. அவருடைய குறிப்புகளை வைத்து மகள் ஆனந்திதான் முடித்தார்.

குறிப்பு இருந்ததால் முடிந்தது. ஜப்பானில் கெண்டாரோ மியூரா 1989லிருந்து 'பெர்செர்க்' வரைந்தார், 2021 மே மாதம் முடிக்காமலே இறந்தார். அவருக்குக் கோஜி மோரி என்று ஒரு பள்ளித் தோழர். அதற்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முன்னால் ஒரு நாள் மியூரா அவரிடம் கதையைக் கடைசி வரை சொல்லியிருந்தார். 2022இல், என்னிடம் சொன்னதை மட்டும் தருகிறேன், நானாக எதையும் சேர்க்கமாட்டேன் என்று மோரி பொறுப்பேற்றார். மியூராவின் உதவியாளர்கள் வரைகிறார்கள். உங்கள் முடிவு உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் அதற்கு உயிர்க் காப்பீடு இல்லை, தம்பிகளே. ஒரு நோட்டில் எழுதுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.

எங்கே முடிப்பது என்பது இன்னொரு கேள்வி. திருவரங்கத்தில் தாயார் சன்னதிப் பக்கம் கம்பர் மண்டபம் பார்த்திருப்பீர்கள். கம்பராமாயணம் அங்கே அரங்கேறியது என்பது மரபு. கம்பன் முடிசூட்டோடு நிறுத்திக்கொண்டான். அதற்குப் பிறகு சீதை மறுபடி காட்டுக்குப் போனது அவனுக்குத் தெரியாதா? தெரியும். உத்தரகாண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பார்கள். எங்கே வெட்டினால் எந்த ராமன் நிற்பான் என்பது கம்பன் எடுத்த முடிவு.

முடித்தால் மட்டும் போதாது, முடித்ததைப் பாதுகாக்கவும் வேண்டும். 'ஹோம்ஸ்டக்' என்று ஒரு பிரம்மாண்டமான இணையப் படக்கதை, 2009 ஏப்ரல் 13 முதல் 2016 ஏப்ரல் 13 வரை, எட்டாயிரம் பக்கத்துக்கு மேல். அதில் பாதி உயிர் ஃபிளாஷ் அனிமேஷனில் இருந்தது. 2020 முடிவில் ஃபிளாஷ் நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் ஓடி ஓடித் திரட்டிக் காப்பாற்றினார்கள். தளத்துக்கு வாடகை கட்டாவிட்டால் உங்கள் தொடர் ஒரே ராத்திரியில் காணாமல் போகும். சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972இல் அச்சிட்ட இரும்புக்கை மாயாவி இன்றும் யாரோ ஒருவர் பரணில் இருக்கிறான். ஒரு பிரதியாவது காகிதத்தில் போட்டு நம் ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள்.

கடைசியாக நம் மண்ணின் நெடுந்தொடர். வீரப்பூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? மாசியில் பெரியகாண்டியம்மன் கோயில் வேடபரி விழாவுக்குப் போகாதவர் இங்கே யார் இருக்கிறார்கள்? பொன்னர் சங்கர் கதையை உடுக்கடித்து இரவிரவாகப் பாடுவார்கள். அண்ணன்மார் படுகளத்தில் சாவார்கள் என்பது முதல் நாளே குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் கூட்டம் உட்காருகிறது. அவர்கள் தங்கை தங்காள் அண்ணன்களைத் தேடிப் படுகளம் வரும்போது தெரியாத மாதிரி அழுகிறது. முடிவு தெரிந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று பயப்படுகிற இளைஞர்கள் ஒரு மாசிக்கு அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள்.

பிரெண்டா பெக் என்ற கனடாக்காரர் 1965இல் கொங்குப் பக்கம் வந்து இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பின்னாளில் 26 பாக அனிமேஷனாகவும் கொண்டுவந்தார். கலைஞர் நாவலாக எழுதினார், 2011இல் சினிமா வந்தது. நம் மருங்காபுரிப் பிள்ளை ஒருவர் கையால், போனில் விரலால் தள்ளிப் படிக்கிற தொடராக இதைப் பார்க்க எனக்கு ஆசை. முடிவைத் தேட வேண்டிய வேலை இல்லை, படுகளம் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது. அடுத்த மாசிக்கு முதல் பத்து எபிசோடு கையிருப்பாக வரைந்து எடுத்து வாருங்கள். அச்சுச் செலவைப் பற்றி நானும் அவைத்தலைவரும் பேசிக்கொள்கிறோம். மறுக்கமாட்டார், இப்போதுதான் தலையை ஆட்டினார், எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா?